சிலுப்பாத கிடா

என் காதுகுத்துக்குப் பெரியப்பா வீட்டார் வந்திருந்தார்கள், சித்தப்பா வீட்டார் வந்திருந்தார்கள். அம்மா வழியில் திருப்பூரில் வேலை பார்த்தவர்கள்கூட லீவு போட்டு வந்திருந்தார்கள். பத்திரிகை வைக்காதவர்களும் கிடா வெட்டு என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். வராதவர் அத்தை ஒருவர்தான். அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. கட்டுமாவடி மீன் ஏலக்கடையில் வேலை பார்த்த, எங்கள் ஆட்கள் அல்லாத ஒருவரை அவராகவே கட்டிக்கொண்டு போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பேச்சை எடுக்கக் கூடாது. அப்பா சத்தியமே செய்திருந்தார்.

மூன்று வயதில் குத்த வேண்டிய காது எட்டு வயதுவரை தள்ளிப்போனதற்குக் காரணம் மாமா. அவர் மடியில் உட்கார்ந்துதான் குத்திக்கொள்ள வேண்டும். அவரோ துபாயில் ஒரு ஓட்டலில் கறி சுட்டுக்கொண்டிருந்தார். வந்து இறங்கியதும் அப்பாவிடம், “கொழம்பு வச்சு ஊத்துறதெல்லாம் பழைய கதை மச்சான். இந்தவாட்டி கெடாக்கறியச் சுட்டுப் போடுறோம்” என்றார். கீரனூர் வெல்டிங் பட்டறையில் இரண்டு ட்ரம்களை நீளவாக்கில் அறுத்துக் கம்பிவலை போட்டு வாங்கினார்.

திட்டம் அவர் மனதில் துல்லியமாக இருந்தது. முதலில் கறியை வெட்டி மசாலா தடவி ஊற வைக்க வேண்டும். அது ஊறி முடிகிற நேரத்துக்குக் கரி கனன்று மேலே சாம்பல் பூத்திருக்க வேண்டும். முன்னே போனால் கருகும், பின்னே போனால் வேகாது. ஒவ்வொன்றுக்கும் தன் செல்போனில் என்னை அலாரம் வைக்கச் சொன்னார். அந்த போனில் தமிழ் வராது. குடும்பத்தில் ஆங்கில எழுத்து தெரிந்த ஒரே ஆள் மூன்றாம் வகுப்புப் படித்த நான். கறி வெட்ட ஒன்று, கரி பற்றவைக்க ஒன்று. இரண்டுக்குமே கே, ஏ, ஆர், ஐ என்றுதான் அடிக்க முடிந்தது.

கோவில் குன்றாண்டார்கோவிலுக்கு அங்கிட்டுப் பொட்டலில் இருந்தது. கிடா, காமாலையில் கிடந்த எனக்காக அம்மா நேர்ந்துகொண்டது. மாலை போட்டுப் பூசாரி மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. அதற்கப்புறம்தான் அரிவாள். கிடா சிலுப்பவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினார். அது தன் மாலையைத் தின்னத் தொடங்கியது.

அப்போது பார்த்து அலாரம் அடித்தது. மாமாவின் போனை வைத்திருந்த சித்தப்பா அதை என்னிடம் நீட்டினார். “கரி” என்று படித்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு ட்ரம்மிலும் நெருப்பு.

மாமா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். “அய்யோ மச்சான், அது திங்கிற கறி!”

“எனக்கென்ன தெரியும்? போனு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான கத்துது?” என்றார் சித்தப்பா.

இருந்ததே இரண்டு மூட்டைக் கரி. மாமா கும்பலைப் பிளந்துகொண்டு பூசாரியிடம் போனார். “கலர் சோடாப் பொட்டியில ஐஸ் தண்ணி இருக்கு, ஊத்துவமா?” பூசாரி அவரை முறைத்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

“யாரையோ மனசு நோக விட்டுப்புட்டு வந்திருக்கீங்க. அவுகளக் கேட்டுட்டு வாங்க.”

பெரியப்பாதான் வாயைத் திறந்தார். “நம்ம தங்கச்சியத்தான்டா சாமி கேக்குது.”

“அப்ப அவுத்து விடுங்க. சாமிக்கு வேணாம்னா எனக்கும் வேணாம்” என்றார் அப்பா. அம்மா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். கிடா திரும்பிப் போனால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு.

“ஒரு போனு போட்டுக் கேட்ருவோம் மச்சான்” என்றார் மாமா. “நம்பர் யார்ட்ட இருக்கு?”

யாரிடமும் இல்லை. பெரியப்பா சட்டைப் பையைச் சும்மா தடவிப் பார்த்தார்.

அம்மா தலையை நிமிர்த்தாமல், மூச்சு விடாமல், பத்து எண்களையும் சொன்னார்.

கும்பல் அப்படியே நின்றுவிட்டது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. கைநாட்டு வைக்கிற அம்மா இவ்வளவு நீளமான எண்ணை ஒரு பிசகில்லாமல் சொல்லிவிட்டாரே! சுற்றிப் பார்த்தேன். ஒருவர்கூடப் பாராட்டவில்லை. அப்பா, அம்மாவை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

மாமா எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணியா?” என்றது ஒரு குரல். “இன்னைக்கு யாரு போனு? கெடா வெட்டியாச்சா? காது குத்துனப்ப புள்ள அழுதானா?”

அப்பா கையை நீட்டினார். மாமா போனைக் கொடுத்தார்.

“நான்தான்” என்றார் அப்பா.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு, “அண்ணே…”

“கெடா சிலுப்ப மாட்டேங்குது ஆத்தா. நீ ஒரு வார்த்த சொல்லு.”

“நான் என்னண்ணே சொல்றது? நீங்க கூப்புட்டதே போதும். புள்ள நல்லாருக்கட்டும்.”

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. இருவரும் போனை வைக்கவும் இல்லை.

கிடா எப்போது சிலுப்பியது என்று யாரும் பார்க்கவில்லை. சிலுப்பிவிட்டது என்று பூசாரி சொன்னார். அவர் முகத்தில் மஞ்சள் தண்ணீர் தெறித்திருந்தது, நம்பினோம்.

அதற்குள் ட்ரம்களில் சாம்பல்தான் மிச்சம். பனைமட்டையும் கொட்டாங்குச்சியும் போட்டு மறுபடி மூட்டினார்கள். ஊறாத கறி வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. “துபாய்க்காரனுக்கெல்லாம் இரும்புலயா பல்லு இருக்கு?” என்று பந்தியில் ஒருவர் கேட்டார். கடைசியில் சுட்டதையெல்லாம் வாரிக் குழம்புச் சட்டியில் போட்டார் பெரியம்மா. சாயங்காலம்தான் சாப்பிட்டோம். நடுவில் எனக்குக் காதும் குத்தினார்கள். நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை.

அன்று முழுக்க அப்பா அம்மாவிடம் பேசவில்லை, திட்டவும் இல்லை. எல்லாரும் வேன் ஏறும்போது, ட்ரம்மைச் சுரண்டிக்கொண்டிருந்த மாமாவிடம் வந்தார்.

“அந்தப் போனு பேச்சுக்கு எவ்வளவு ஆச்சு மாப்ள?”

“அட விடுங்க மச்சான், அதப் போயிக் கேட்டுக்கிட்டு.”

“சொல்லு.”

பேசி முடித்ததும் எவ்வளவு காசு பிடித்தார்கள் என்று போனில் ஒரு வரி வரும். அதை அப்போதே படித்திருந்ததால் நான் முந்திக்கொண்டு சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அப்பா தரையில் உட்கார்ந்தார்.

“அவ்வளவுதானா? சரியாப் பாத்தியா?” என்றார்.

அதிகமாகப் போய்விட்டது என்றுதான் கேட்கிறார்போலிருக்கிறது என்று எனக்குப் பயம். மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டு மறுபடியும் சொன்னேன்: “மூணு ரூவா அறுவது காசுப்பா.”