அழ மறுத்த காட்சி

நாற்பது வருடத்துக்கு மேலாக நடிக்கிறேன். மருத்துவிச்சி, மீன்காரி, பைத்தியக்காரி, கள்ளனின் தாய் என்று படத்திலும் தொலைக்காட்சியிலும் எத்தனையோ வேடம் கட்டிவிட்டேன். என் பெயரைக் கூட்டி எழுதுவேன், அவ்வளவுதான் படிப்பு. வசனத்தை என் மகள் இரண்டு தரம் வாசித்தால் போதும், மனதில் நின்றுவிடும். நான் வசனம் மறந்தேன் என்று எந்தப் படப்பிடிப்பிலும் யாரும் சொன்னதில்லை.

பெரிய வேடம் கிடைத்தது போன வருடம்தான். தொலைக்காட்சி நாடகம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தாய் ஒருத்தி. முழுக்கதையும் அவளைச் சுற்றித்தான். நெறியாளர் கொழும்பிலிருந்து வந்த பிள்ளை, கெட்டிக்காரர். ஆனால் கலியாணம் முடிந்ததும் மகள் புருஷன் வீட்டுக்குப் புறப்படுகிறாள், தாய் வாசலில் நின்று கதறுகிறாள் என்று எழுதி வைத்திருந்தார். வாசித்துக் காட்டும்போதே என் மகள் சிரித்துவிட்டாள்.

அன்று காலை வாசலில் கமரா வைத்தாயிற்று. நான் அவரிடம் போனேன்.

"மனே, இஞ்ச மாப்பிள்ளதான் பொம்புள ஊட்டுக்கு வாற. ஊடு வளவு எல்லாம் மகளுக்குத்தான். அவள் ஏன் போற? நான் ஏன் அழுற?"

பார்க்கிற சனம் எல்லா ஊரிலும் இருக்கிறது, எழுதியபடி நடித்தால் போதும் என்றார். நான் அசையவில்லை. ஒப்பனை செய்கிற பெண் என் காதருகில் வந்து, வீம்பு பிடித்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றாள். எனக்கும் அது தெரியும். இந்த வயதில் இப்படியொரு வேடம் இனி வராது. ஆனால் அந்தக் காட்சியை நடித்துவிட்டு, எங்கள் ஊர் வெல்லாவெளியில் ஒரு கலியாண வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு போவது?

"அப்ப வேற ஆளக் கூப்பிடுங்க," என்றேன். "இந்த ஊர்ப் பொம்புள ஆர் வந்தாலும் இதத்தான் சொல்லுவா."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, அப்ப தாய் என்னதான் செய்வா? சொல்லுங்க பாப்பம்."

நான் உள்ளே போய், பெரிய அறையில் கிடந்த பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தேன். வீட்டுப் பூட்டுகளைத் திறக்கும் திறப்புக் கோர்வையை மகளாக நடித்த பிள்ளையின் கையில் கொடுத்தேன். றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவில் இருந்த சின்னக் குடிலுக்கு நடந்தேன். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் முடிந்தால், தாய் தகப்பன் பெரிய வீட்டை விட்டு ஒதுங்குவது இப்படித்தான். என் மகளுக்குக் கலியாணம் முடிந்தபோது நானும் அப்படித்தான் ஒதுங்கினேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பிறகு நெறியாளர் கமராவைப் பின்வளவுக்குத் தூக்கச் சொன்னார். இன்னொரு தரம் நடந்து வரும்படி என்னிடம் கேட்டார்.

பெட்டி வெறுமையாக இருக்கிறது, பாரம் இருந்தால்தான் நடை சரியாக வரும், சீலைகளைப் போட்டு நிரப்பித் தாருங்கள் என்றேன்.