படகில் எசக்கிமுத்துவின் இடம்

இன்று காலை கம்பெனி பஸ் வல்லம் வடகாலைத் தாண்டும்போது ஒரு போன். அடுத்த வாரம் தாண்டேலியில் எங்கள் ரூம் பசங்களுக்கு ஆற்றில் படகு விடும் ராஃப்டிங்கும் காட்டுக்குள் டென்ட்டும் ஏற்பாடு செய்திருக்கும் ஆபீஸிலிருந்து ஒரு பெண்.

"சார், எசக்கிமுத்து போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. எமர்ஜென்சி கான்டாக்ட்ல உங்க நம்பர் இருக்கு. அவரு வெயிட் மட்டும் சொல்லுங்க. போட்ல ரெண்டு பக்கமும் சமமா உக்கார வைக்கணும்."

டிரிப் ஃபார்மில் வீட்டு நம்பர் கொடுத்தால் ஆற்றில் இறங்குவது அம்மாக்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் ரூமில் ஒருவர் நம்பரை ஒருவர் போட்டுக்கொண்டோம்.

எசக்கி இறந்து இருபது நாள் ஆகிறது. ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்தவனை ஒரகடம் கூட்டு ரோட்டில் லாரி அடித்துவிட்டது. டிரிப்பை நிறுத்தச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அதைச் சொல்லாமல் "எழுபத்திரண்டு கிலோ" என்றேன்.

"நீச்சல் தெரியுமா சார்?"

"தாமிரபரணிக்காரன் மேடம். நல்லாத் தெரியும்."

"சூப்பர். அப்ப முன்னாடி உக்கார வெச்சிடலாம்."

கம்பெனி கேட்டில் இறங்கியதும் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், உங்க ஃபார்ம்ல அவரு நம்பர்தான் இருக்கு. வேற யார் நம்பராவது தர்றீங்களா?"

ரூமில் கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "எம் நம்பர் வேண்டாம்ல, அப்படி ஒரு போன் வந்தா எடுக்கப் பயமா இருக்கு."

கூப்பிட்டால் கட்டாயம் எடுப்பேன் என்பவர்கள் மட்டும் கமென்டில் நம்பரைச் சொல்லுங்கள்.