பூசையில் இருந்த வயலின்

அந்த வருடம் சரஸ்வதி பூசையும் யூதர்களின் பெருநோன்பும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து தொலைத்தன. இரண்டு பக்கத்துச் சாமிகளும் முன்கூட்டியே கலந்து பேசி நாள் வைத்திருந்தால் எனக்கு அன்று அத்தனை ஓட்டமும் அத்தனை சண்டையும் இருந்திருக்காது.

தொண்ணூறுகளில் நாங்கள் பாதர்ஸ்ட் வீதியின் வடக்கே ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். தமிழ்ச் சனம் முழுக்க ஸ்காபரோவில் கூடியிருக்க, வேலைக்குக் கிட்ட என்று என் கணவர் என்னை இங்கே கொண்டுவந்து வைத்தார். கறிவேப்பிலை வாங்குவதற்கும் இரண்டு பஸ் மாறவேண்டும். சுற்றிவர இருந்தவர்கள் யூதக் கிழவர்களும் கிழவிகளும். பக்கத்து வீட்டுக் கிழத் தம்பதியில் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட, பேச்சும் நின்றுபோனது. அவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட ஒரு ஏஜென்சி மூலம் என்னை வேலைக்கு எடுத்தார்கள். கதவைத் திறந்தால் வேலை. இதைவிட நல்ல உத்தியோகம் எங்கே கிடைக்கும்?

அவருடைய கணவர் எண்பதைத் தாண்டியவர். வியன்னாக்காரர், ஒல்லி, நல்ல உயரம், முன்கோபி. நான் கட்டில் விரிப்பை மாற்றினால் ஒரு மூலை கோணல் என்பார். போட்ட தேநீர் வெந்நீர் என்பார். "உங்கடை வாய்க்கு ருசியாய்ப் போட நான் வியன்னாவிலையோ பிறந்தனான்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்துதான் மனிதர் என்னோடு ஒழுங்காகக் கதைக்கத் தொடங்கினார். அவர் பேசியது ஜெர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலம். ஆனால் என் காதில் அது எங்களுடைய தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

பின்னேரம் நாலு மணியானால் அவர் கறுப்புக் கோட்டும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு போவும் போட்டுக்கொண்டு, மனைவியின் கால்மாட்டில் நின்று வயலின் வாசிப்பார். சோக கீதமல்ல, ஆட்டப்பாட்டு. டாங்கோ, வால்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக. கட்டிலோடு கிடக்கிற மனுசிக்கு டான்ஸ் மியூசிக் வாசிக்கிற மனிதனை நான் அதுவரை கண்டதில்லை; முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு போர்வையைக் கவனித்தேன். விழாத பக்கத்துக் கால் அதற்குள்ளே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் எங்கேயாவது அவசரப்பட்டால் கால் நின்றுவிடும். அவர் திரும்பவும் அந்த இடத்திலிருந்து தொடங்குவார்.

அவருடைய கதையை நான் வெங்காயம் வெட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் துண்டு துண்டாகக் கேட்டேன். வியன்னாவில் ஒரு பெரிய ஹோட்டலில், பின்னேரத் தேநீர் வேளையில் ஆடுகிறவர்களுக்கு வாசிக்கிற பாண்டில் அவர் முதல் வயலின். கட்டிலில் கிடக்கிற இந்த மனுசி அப்போது ஒரு தையற்கடையில் வேலை செய்தவர். தோழியோடு ஆட வந்தவர், யாரோடும் ஆடாமல் வயலின்காரனையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். ஹிட்லரின் ஆட்கள் ஊருக்குள் வந்த கிழமை, பாண்ட் நடத்துகிறவர் இவரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்றார். பத்து வருடம் பக்கத்தில் இருந்து வாசித்தவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. அடுத்த நாள் நாலு மணிக்கு அதே பாட்டு ஹோட்டல் யன்னலால் தெருவுக்குக் கேட்டதாம். "தெருவிலை போட்டு என்னை அடிச்சதை மறந்திட்டன். நான் இல்லாமலே அந்தப் பாட்டு வடிவாய்ப் போனதை இன்னும் மறக்கேலாமல் கிடக்கு" என்றார்.

பிறகு, வெளியே போவதற்கு ஒரு கப்பல் அகப்படும்வரை இருவரும் ஒரு தையற்காரரின் பின்னறையில் ஒளிந்திருந்தார்கள். சுவர் மெல்லியது, பக்கத்து அறையில் ஹிட்லரின் கட்சிக்காரன். இருமுவதற்கே பயம், வயலினை எப்படி எடுப்பது? நாலு மணியானால் இவர் மனைவியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வயலினில் விரல் வைக்கிற மாதிரியே அந்தக் கையில் விரலை அழுத்தி அழுத்திப் பாட்டு முழுவதையும் வாசிப்பாராம். என்ன பாட்டென்று மனைவி இவருடைய காதுக்குள் சொல்லவேண்டும். "அவ ஒருக்காலும் பிழைவிட்டதில்லை" என்று சொல்லிக் கட்டிலைப் பார்த்தார். நான் வெங்காயத்தின் தலையில் பழியைப் போட்டு அழுது முடித்தேன்.

விசா கேட்காத ஒரே துறைமுகமாக அப்போது ஷங்காய் இருந்தது. பத்து வருடம் அங்கே மாலுமிகள் ஆடும் மதுச்சாலைகளில் வாசித்தார். அதன் பிறகு டொராண்டோ. பகலில் ஸ்பதைனா வீதித் தையல் தொழிற்சாலையில் கோட்டுக்குப் பொத்தான் தைக்கும் வேலை, சனிக்கிழமைகளில் கலியாண வீட்டு பாண்ட். எங்கள் ஆட்களின் கதையும் வேறென்ன? ஊரில் உத்தியோகம், இங்கே தொழிற்சாலை. அதனால்தான் அவர் கதை எனக்குப் புதிதாக இருக்கவில்லை, அந்த ஹோட்டல் யன்னல் ஒன்றைத் தவிர.

புரட்டாதியில் குளிர் தொடங்கி ஹீட்டர் போட்டதும் அந்த வயலினுக்குள் ஏதோ கழன்று உருண்டது. உள்ளே நிற்கிற ஒரு சின்னக் கட்டை விழுந்தால் சத்தம் வெளியே வராதாம். மனைவியை விட்டுவிட்டு அவர் எங்கே திருத்தக் கொண்டுபோவார்? "என்ரை அண்ணை செய்வார்" என்று நான் வாங்கிக்கொண்டேன். அண்ணர் ஸ்காபரோவில் மல்வேர்ன் பக்கம் இருந்தார். ஒஷாவாவில் கார்ப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறில் கோயிலிலும் அரங்கேற்றங்களிலும் வயலின். அவருக்கு அது கைவந்த வேலைதான்.

வயலின் போன நாளிலிருந்து மனுசி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்தார். நாலு மணிக்கு கால்மாட்டைப் பார்ப்பார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்த நேர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டு, இனி நாளா மணித்தியாலமா என்று சொல்ல முடியாது என்றார். உள்ளே போனேன். கிழவர் அதைக் கேட்காமலே விளங்கிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இண்டைக்குப் பொழுதுபட முன்னம் அந்த வயலின் எனக்கு வேணும். பொழுதுபட்டால் எங்களுக்கு நோன்பு. நாளைக்குப் பொழுதுபடுமட்டும் நான் தொடமாட்டன்."

வருடத்தில் ஒருநாள் பட்டினி கிடந்து மன்னிப்புக் கேட்கும் நாள் அவர்களுக்கு. மற்ற நாளில் கோயில் வாசலையும் மிதிக்காத மனிதர் இவர். பன்றி இறைச்சியையும் விட்டுவைக்காதவர். இருந்தாலும் அதைப் பற்றி வாதாட நேரமில்லை. அண்ணருக்கு போன் எடுத்தேன்.

"திருத்தியாச்சு. ஆனால் பூசையிலையெல்லோ வைச்சிருக்கிறன்" என்றார்.

சரஸ்வதி பூசையன்று புத்தகத்தையும் வாத்தியத்தையும் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி விடியும்வரை எடுப்பதில்லை. எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அண்ணர் நல்லெண்ணத்தில், அந்தாளின் வயலினுக்கும் சரஸ்வதி கடாட்சம் கிடைக்கட்டும் என்று தன்னுடையதோடு சேர்த்து வைத்துவிட்டார். கிழவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நல்லது செய்யும்போது எங்கள் ஆட்கள் யாரிடமும் கேட்பதில்லை.

சப்வே பிடித்து, பஸ் மாறி, மல்வேர்னுக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணர் வீட்டில் கோட்டு மாட்டும் அலுமாரிதான் சாமியறை. குளிர்கால உடுப்பு முழுக்க சோபாவில் குவிந்து கிடக்க, அலுமாரிக்குள் சரஸ்வதி படம், நிறைகுடம், அவல், கடலை, பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், இரண்டு வயலின்கள். கிழவரின் வயலினுடைய தலையில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

"உனக்கு விசரே? பூசையிலை வைச்சதை எடுக்கிறதோ?" என்றார் அண்ணர்.

"அங்கை மனுசி சாகக் கிடக்குது அண்ணை."

"ஊரிலை ஒருக்கால் எடுத்தனான். ஒரு கலியாண வீட்டுக்காரர் கெஞ்சினவை எண்டு இதே நாளிலை எடுத்துக்கொண்டு போய் வாசிச்சனான். அடுத்த மாசம் ஷெல் விழுந்து வீடும் போச்சுது, வயலினும் போச்சுது. மறந்து போனியே?"

மறக்கவில்லை. இத்தனை வருடமும் அந்த ஷெல்லைத் தானே கூப்பிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. வந்த கோபத்தில் கத்திவிட்டேன். "ஷெல் அடிச்சவனுக்குச் சரஸ்வதி பூசை எண்டு தெரியுமோ? அவன் உங்கடை வயலினைப் பாத்தே அடிச்சவன்? அந்த மனுசனை ஒரு காலத்திலை வாசிக்கவேண்டாம் எண்டு துரத்தினவங்கள். இப்ப நீங்களும் அதையே சொல்லுறியள்."

அண்ணி குசினி வாசலில் வந்து நின்றார். அண்ணர் படத்தின் பக்கம் திரும்பினார். பிறகு கற்பூரம் கொளுத்தினார். "தாயே, இது என்ரை இல்லை, இரவல் சாமான். சொந்தக்காரன் கேட்கிறான். குற்றமெண்டால் என்ரை கணக்கிலை வை" என்று சொல்லி, வயலினை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். சந்தனத்தைத் துடைக்க அவருக்கு மனம் வரவில்லை. "கார்த் திறப்பை எடு" என்று அண்ணியிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரம் 401 நெடுஞ்சாலையில் கார் ஓடுவதில்லை, ஊர்கிறது. அதிலும் அன்று முன்னால் எங்கேயோ விபத்து. கண்ணுக்கு நேரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் கூசுகிறதென்று அண்ணர் மறைப்பை இறக்க, நான் என் பக்கத்து மறைப்பை ஏற்றிவிட்டுச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பாதர்ஸ்டில் இறங்கும்போது தெருவிளக்கு எரிந்துவிட்டது. கார் விட இடமில்லாமல் அண்ணர் கீழேயே நிற்க, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன்.

மேசையில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் நோன்புக்கு ஏற்றிய மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. கிழவர் கறுப்புக் கோட்டும் போவும் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். நாலு மணியிலிருந்தே அப்படி இருந்திருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தார். குங்குமத்தைக் கண்டு என்னை நிமிர்ந்து பார்க்க, நான் மூச்சு வாங்கிக்கொண்டு விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப உங்கடை சாமியும் இண்டைக்கு வாசிக்கவேண்டாம் எண்டுதான் சொல்லியிருக்கு" என்று பெட்டியை மூடினார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நாங்கள் எங்கடை சாமியைக் குழப்பிப்போட்டு வந்திருக்கிறம். நீங்கள் உங்கடை சாமியிட்டை ஒரு பாட்டுக்கு இடம் கேட்கக் கூடாதோ? அவ விடியுமட்டும் இருப்பாவோ தெரியாது."

அவர் கோபிக்கவில்லை. "பிள்ளை, ஹோட்டலிலை வாசிக்காதை எண்டது அவங்கள். அறையிலை வாசிக்காதை எண்டது அவங்களிலை இருந்த பயம். ஷங்காயிலை முதல் வருசம் இதே நாள் இரவு முதலாளி வாசியெண்டான். நான் முடியாது எண்டு சொன்னன். வேலை போச்சுது. ஆனால் என்ரை சீவியத்திலை நானாய் வாசிக்கேலாது எண்டு சொன்ன நாள் இது ஒண்டுதான். இதையும் விட்டால் மிச்சம் எல்லாம் அவங்கள் சொன்னதாய்ப் போகும்."

அது எனக்கு விளங்கியது என்று சொல்லமாட்டேன். பாதிக் கோபத்தோடேயே நின்றேன். அவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். மனைவியின் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளிவிட்டு, அந்தத் தோல் சுருங்கிய கையில் நாலு விரலையும் ஊன்றினார். விரல்கள் ஏறின, இறங்கின, ஓரிடத்தில் நின்று நடுங்கின. சத்தமென்று இருந்தது ஹீட்டர் ஒன்றுதான். மனுசி சுவர்ப்பக்கம் இருந்த முகத்தைத் திருப்பினார். உதடு எதையோ சொல்லப் போய் முடியாமல் நின்றது. பிறகு போர்வைக்குள்ளே அந்தக் கால் அசையத் தொடங்கியது.

நான் கீழே போனேன். "வாசிச்சவரோ?" என்று அண்ணர் கேட்டார். "இல்லை அண்ணை, பிந்திப்போனம். நாளைக்குப் பொழுதுபட்டால்தான் வாசிப்பாராம்" என்றேன். விரல்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தார்.

"அப்ப நானும் நாளைக்கு விடிய எடுக்கேல்லை. அந்தாள் எடுக்கிற நேரம்தான் என்ரையையும் எடுப்பன்" என்றார். விஜயதசமிக் காலையில் வாத்தியத்தைத் தொடாமல் விடுவது பூசையைக் குழப்புவதைவிடப் பெரிய குற்றம். அவருக்கு அது தெரியும்.

அடுத்த நாள் பின்னேரம், வெயில் இருக்கும்போதே, மனுசி போய்விட்டார். கை கிழவரின் மடியில்தான் இருந்தது. வரவேண்டியவர்கள் வந்து கொண்டுபோனார்கள். இருட்டிய பிறகு, நோன்பு முடிந்துவிட்டதே, ஒரு வாய் குடிக்கட்டும் என்று சூப் எடுக்க என் வீட்டுக்கு வந்தேன். போன் அடித்தது.

"பொழுதுபட்டிட்டுது" என்றார் அண்ணர். நாள் முழுக்க அலுமாரிக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார் போல, குரல் கம்மிப் போயிருந்தது.

"மனுசி பின்னேரம் போட்டா அண்ணை."

"அப்ப அந்தாள் வாசிக்கவே இல்லையோ? எல்லாம் வீணாய்ப் போச்சுதோ?"

"வாசிச்சவர் அண்ணை. அவர் நேற்றே வாசிச்சிட்டார். அவ முழுக்கக் கேட்டவ. நீங்கள் உங்கடை வயலினை எடுங்கோ."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் ஒவ்வொரு தந்தியாகச் சுருதி சேர்க்கத் தொடங்கினார். நான் போனை வைக்காமல், சூப் ஆறும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.