சின்னாவிடம் சொன்ன பேச்சு

என் டீக்கடையில் நாய்க்கு விரித்த சாக்கு சுவரோரம் கிடக்கிறது. அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவில் அதைப் போட நான் விடுவதில்லை. கூட்டும்போது என் மனைவி அதை நடுவில் இழுத்துப் போட்டுவிடுவாள். நான் காலால் மறுபடி சுவரோரம் தள்ளுவேன். "நாயி மேல அவ்ளோ பொறாமயா உங்களுக்கு?" என்பாள். பொறாமை இல்லை, பயம். அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவில் படுத்திருந்த ஒரு நாயை எனக்குத் தெரியும். அங்கே படுத்த குற்றத்துக்கு அது பட்ட பாடும் தெரியும்.

அது குருபரப்பள்ளியில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த சாப்பாட்டுக் கடை. எட்டாம் வகுப்பு வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிய சில வருஷங்களுக்குப் பிறகு அங்கே டீ போடச் சேர்ந்தேன். வெள்ளைக்காரன் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவன் போட்ட ரோட்டில் நம் லாரிகள் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. முதலாளி வாசல் பக்கம் கல்லாவில் உட்காருவார். முதலாளியம்மா பின்பக்கம் அடுப்படியில் நிற்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோணிச் சாக்கு, அதன்மேல் சின்னா. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும். இந்தப் பக்கமிருந்து பன் துண்டு விழும், அந்தப் பக்கமிருந்து வடித்த சோறு வரும். அதனால்தான் அந்த இடத்தைப் பிடித்தது. லாரி வந்து நின்றால் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடி, டிரைவரைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு வரும். எனக்குக் கொடுத்த சம்பளத்தை நியாயமாக அதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

எல்லாம் ஒரு பசுவால் கெட்டது. முதலாளியம்மா கல்யாணமாகி வந்தபோது பர்கூர்ப் பக்கத்துத் தாய்வீட்டிலிருந்து கூடவே வந்த பசு அது. கிழடாகி, கறவையும் நின்றுபோயிருந்தது. ஒரு சந்தை நாளில் அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, முதலாளி அதை வண்டிக்குப் பின்னால் கட்டிக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டார். கேட்டால் அழுவாள், அதனால் கேட்கவில்லை என்பது அவர் கட்சி. குடத்தோடு வந்தவர் வெறும் முளைக்குச்சியைப் பார்த்தார். அன்றைக்கு நின்றது பேச்சு. ஆனால் கடை நடக்க வேண்டுமே? அடுப்படியில் உப்பு தீர்ந்தால் கல்லாவுக்கு யார் சொல்வது? நடுவில் சின்னா இருந்தது.

"சின்னா, உப்பு இல்லன்னு சொல்லு. மாட்டெ விக்கத் தெரிஞ்சவங்களுக்கு உப்பு வாங்கத் தெரியாதா?"

முதலாளி மனைவி பக்கம் திரும்ப மாட்டார். நாயைப் பார்த்து விரலை நீட்டுவார். "ஏன்டா சின்னா, காலையிலயே சொல்லி இருந்தா வாங்கி வெச்சிருக்க மாட்டனா? வாயில என்னாடா வெச்சிருந்த?"

"மொதலாளி, சின்னா யோசிச்சு சொல்றேங்குது" என்பேன் நான். கடையே சிரிக்கும். சாப்பிட்டு முடித்தவர்கள் கை காய்ந்துபோகும் வரை எழுந்திருக்க மாட்டார்கள். வயிற்றுக்குச் சோறும் காதுக்குக் கூத்தும் கிடைக்கும் கடை என்று ரோட்டில் பேர் பரவியது.

கூத்து புரியாத ஒரே ஆள் சின்னாதான். வசவு வேறு ஒருவருக்குப் போகிறது என்று அதற்கு யார் சொல்லுவார்கள்? அதற்குத் தெரிந்தது மூன்றுதான்: தன் பேர், நீட்டிய விரல், அதன் பின்னால் இருந்த கோபம். முதலில் காதைப் படுக்கவைத்து, எதற்கென்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்பதுபோல் வயிற்றைக் காட்டிக் கிடந்தது. பிறகு, பேர் சொன்னாலே பெஞ்சுக்கு அடியில் நுழைந்தது. சோறு வைத்தால், அக்கம் பக்கம் பார்த்துவிட்டு இரண்டு வாய் தின்று ஓடியது. லாரிகளை எதிர்கொண்டு போவது நின்றது. ஒருநாள் நான் கரண்டியை நீட்டி விளையாட்டுக்கு மிரட்டினேன். கரண்டியை ஒரு கவ்வு கவ்வியது. அந்தப் பல் தடத்தை வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஆனேக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர். கன்னடமும் தமிழும் ஒரே வாயில் புரளும். கூத்தை ரசித்துப் பழகியவர், ஒருநாள் தானே ஆடிப் பார்க்க ஆசைப்பட்டார். சாக்குக்கு முன்னால் குனிந்து, முதலாளியைப் போலவே விரலை ஆட்டினார். "ஏன்டா சின்னா! மாட்டெ வித்துட்டு இங்க வந்து சொகமா படுத்துக்கினு இருக்கியா?" சனம் சிரித்தது. சின்னா உறுமக்கூட இல்லை. அந்த விரலைப் பிடித்துவிட்டது.

"ஹுச்சு நாயி! வெறி புடிச்ச நாயி! தொப்புள சுத்தி ஊசி போட வெச்சுட்டியே!" என்று டிரைவர் குதித்தார். பார்த்தால் ஒரு கீறல். ஆனால் வார்த்தை ஆழமாக விழுந்தது. "அடுத்த லோடுக்கு வரப்ப இந்த நாயி இங்க இருக்கக் கூடாது. இருந்தா ஒரு லாரியும் இங்க நிக்காது, பாத்துக்கோ!" லாரி நிற்காவிட்டால் அடுப்பு எரியாது. முதலாளி இரண்டு நாள் கல்லாவில் உட்கார்ந்து சின்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மட்டும் நீட்டவில்லை.

சந்தை நாள் வந்தது. முதலாளி வண்டி பூட்டினார். சின்னாவின் வாயைத் துணியால் கட்டி, அது படுத்த சாக்கிலேயே கழுத்துவரை இறக்கி வண்டியில் வைத்தார். யாராவது காவலுக்கு ஓட்டிப் போனால் போகட்டும், இல்லாவிட்டால் அங்கேயே அவிழ்த்து விட்டுவிடுவதென்று முடிவு. சின்னா திமிறவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சத்தம் கேட்டு முதலாளியம்மா கரண்டியோடு வெளியே வந்தார். வந்த வேகத்தில், பழக்கம் பாருங்கள், கடைக்கு நடுவில் பார்த்து, "சின்னா, அவங்ககிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தார். அங்கே சாக்கு இல்லை. சாக்கு கிடந்த இடம் மட்டும் பளபளவென்று வழவழப்பாகக் கிடந்தது. சொல்ல வந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.  அவர் விடுவிடுவென்று ரோட்டில் இறங்கி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க."

முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார். அந்த வார்த்தையைக் கேட்டு மாசக்கணக்காகியிருந்தது.

"மாட்டெத்தான் கேக்காம ஓட்டிக்கினு போனீங்க. இவனையும் கேக்காமயா?"

"கேக்கறதுக்கு நீ எங்கடி பேசுன?"

"நீங்க பேசுனீங்களா? நாயிகிட்டத்தான பேசுனீங்க."

"நீயும் அதுகிட்டத்தான பேசுன?"

"ஆமா, நானும் அதுகிட்டத்தான் பேசுனன். பாவம், அது யாருகிட்டங்க பேசும்?"

முதலாளி கயிற்றை விட்டுவிட்டார். மாடுகள் தாமாகவே தலையைக் கடை பக்கம் திருப்பின. பிறகு நடுரோட்டில் ஆரம்பித்தது பாருங்கள் சண்டை! பசு, உப்பு, அவருடைய தம்பி, இவருடைய அக்கா, ஒன்று பாக்கியில்லை. கத்திக்கொண்டே முதலாளியம்மா சாக்கை அவிழ்த்தார். பதில் கத்திக்கொண்டே முதலாளி நாயின் வாய்க்கட்டை அவிழ்த்தார்.

அதன்பிறகு அந்தக் கடையில் நாள் தவறாமல் சண்டைதான், நேருக்கு நேராக. முதலில் கொஞ்ச நாள், சத்தம் எழும்பினாலே சின்னா எழுந்து நின்று நடுங்கும். தன் பேர் அதில் வரவில்லை என்று தெரிந்ததும் உட்காரும். பிறகு படுத்துக் கேட்டது. கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டது. வீட்டில் கத்துகிறார்கள் என்று நாய் கெட்டுப்போவதில்லை. தான் செய்யாததற்குத் தன்னைப் பார்த்துக் கத்தும்போதுதான் கெட்டுப்போகிறது. இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த டிரைவர் திரும்ப வந்தபோது சாம்பாரில் புளி கூடிப்போனதற்கு உள்ளே ரகளை நடந்துகொண்டிருந்தது. அவர் லாரி வந்தால் சின்னாவைப் பின்பக்கம் கட்டிவைப்பதென்று பேசியிருந்தோம், எல்லோருமே மறந்துபோயிருந்தோம். அது நடுவில் நான்கு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்று கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "ஏனப்பா, இது அதே நாயா? மாத்திட்டீங்களா?"

"நாயி அதேதாங்க. மொதலாளியும் மொதலாளியம்மாவுந்தான் புதுசு" என்றேன். அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். போகும்போது ஒரு வடையைச் சாக்கின் ஓரத்தில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார், விரலை மடக்கிக்கொண்டு.

இப்போது கிருஷ்ணகிரியில் எனக்கென்று ஒரு கடை, ஒரு மனைவி, ஒரு நாய். போன வாரம் மச்சான் வந்திருந்தான். அவன் அக்காவின் சமையலைப் பற்றி நான் உண்மை கொஞ்சம், கற்பனை கொஞ்சம் கலந்து பேசியது அவள் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையிலிருந்து என்னிடம் பேச்சில்லை. பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் சாக்குப் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "ஏன்டா, தின்ற சோத்துக்கு..."

நாயின் காது படுத்தது. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அந்தச் சாக்கில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னெ திட்டு" என்றேன். "இங்க பாத்து, என்னெயே திட்டு."

திட்டினாள். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகும் திட்டினாள். நாய் என் தொடையில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தது.