திரைக்குப் பின்னால் மூன்று நாள் விஞ்ஞானம்

இன்று காலேஜ் ஹாலில் நடந்ததைக் கேளுங்கள். எனக்கு வயிறு இன்னும் எரிகிறது!

பட்டணத்து யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு ப்ரொபசர் வந்து மூன்று நாள் லெக்சர். தலைப்பு, 'விஞ்ஞானமும் சமூகமும்'. பள்ளிக்கூட டீச்சர்கள் அவசியம் வரவேண்டுமாம்.

பழங்காநத்தத்திலிருந்து நான் போனேன். பேரையூரிலிருந்து செல்லம்மா டீச்சர் வந்திருந்தார். அவர் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு முறைக்காய்ச்சல் (அதான், மலேரியா). அதற்கு வழி தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்தார்.

மாஜிக் லாந்தரில் படம் காட்ட ஹாலின் நடுவே வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள். ஆண்கள் துணிக்கு முன்னால். பெண்கள் பின்னால்! அதுதான் கௌரவம் என்றார் காலேஜ் காரியதரிசி. (யாருக்கு என்று சொல்லவில்லை.)

முதல் இரண்டு நாளும் பூ, பூச்சி, நட்சத்திரம். எழுத்தே இல்லாத படங்கள். எங்களுக்குச் சந்தேகம் வர வழியில்லை.

இன்று ஒரு குழந்தையின் படம்.

முறைக்காய்ச்சல் வந்தால் மண்ணீரல் வீங்கும், விலாவுக்குக் கீழே அழுத்தினால் கையில் தட்டுப்படும், அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கொய்னா மருந்துக்கு அனுப்புங்கள் என்றார் ப்ரொபசர். எந்தப் பக்கம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. குச்சியால் 'இங்கே, இங்கே' என்று தட்டினார். செல்லம்மா டீச்சர் தன் விலாவிலேயே கைவைத்துப் பழகிக்கொண்டார்.

பிறகு, எந்தப் பக்கம் பார்ப்பீர்கள் என்று ப்ரொபசர் எல்லாரையும் கேட்டார். செல்லம்மா டீச்சர்தான் முந்திக்கொண்டார்.

"வலது பக்கம்ங்க."

முன்பக்கம் முழுக்கச் சிரிப்பு. பெண்களுக்குக் கவனம் போதாது, இவர்களிடம் விஞ்ஞானம் மெதுவாகத்தான் போய்ச் சேரும் என்று ப்ரொபசர் இங்கிலீஷில் சொன்னார். (எனக்கு இங்கிலீஷ் தெரியும், ஐயா.)

நான் எழுந்து சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய்ப் பார்த்தேன். படம் அப்படியே இருந்தது. அங்கே அது பிள்ளையின் இடது பக்கம்! துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலமாகத்தானே தெரியும்?

திரும்பி வந்து சொன்னதும் செல்லம்மா டீச்சர் முகம் வெளுத்துவிட்டது.

"வலப்பக்கம் அமுக்கிப் பாத்து, உனக்கு ஒண்ணுமில்லன்னு எம்புட்டுப் பிள்ளைகள வீட்டுக்கு அனுப்பிருப்பேன் டீச்சர்" என்றார்.

காரியதரிசியிடம் போய்க் கேட்டேன். மனுஷன் அசையவே இல்லை.

"அதுக்கென்னம்மா, மனசுக்குள்ள மாத்திப் போட்டுக்கங்க."

வந்ததே எனக்குக் கோபம்!

"நீங்க பின்னால உக்காந்து மாத்திப் போட்டுக்கங்கண்ணே. நாங்க முன்னால வாரோம்."

நானும் செல்லம்மா டீச்சரும் பெஞ்சைத் தூக்கி ப்ரொபசருக்கு நேர் எதிரே போட்டோம். மற்றப் பெண்களும் வந்தார்கள். மானம் போய்விட்டது என்று நாலைந்து ஆண்கள் வெளியே போனார்கள். (போகட்டும், காற்று வந்தது.) ப்ரொபசர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதே பாடத்தை மறுபடி நடத்தினார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், முதல் தடவை படம் முடிந்ததுமே, துணிக்குப் பின்னாலிருந்த சில டீச்சர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள். யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. காரியதரிசி சொல்லியனுப்ப மாட்டேன் என்றுவிட்டார்.

உங்கள் ஊர் டீச்சர் யாராவது அங்கே போயிருந்தாரா? தயவுசெய்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு இடது பக்கம்.