லைன் கிளியருக்கு இரண்டு அர்த்தம்

திரையில் ‘லைன் கிளியர்’ என்று தட்டினால் அந்தச் சொல் உடனே நீலமாக மாறும். அதை அழுத்தினால் விளக்கப் பக்கம் திறக்கும். கொருக்குப்பேட்டையில் தண்டவாளங்களை ஒட்டிய ஒரு சரக்கு யார்டில், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக நாங்கள் உருவாக்கிய சொல் விக்கி அது. யாரும் எழுதலாம், திருத்தலாம். ஒழுங்குபடுத்துவது என் வேலை. எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் அண்ணன் முதன்முதலாக என் மேசைக்கு வந்து, அந்த நீலச் சொல்லின் மேல் கிரீஸ் படிந்த விரலை வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. திரையில் ரேகை பதிந்துவிட்டது. நான் முறைத்தேன். அவர் சிரித்தார்.

“தங்கச்சி, ரயில்காரனுக்கு லைன் கிளியர்னா வண்டி உள்ள வர்லாம். எங்களுக்குன்னா கரண்ட்ட கட் பண்ணியாச்சு, கைய வெக்கலாம். ரெண்டு பேரும் ஒரே வாக்கிடாக்கில கத்திக்கினு கீறோம். இன்னா ஆவும், சொல்லு?”

இரண்டு அர்த்தத்தையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. பக்கம் நீள்கிறது, படிக்கிறவன் குழம்புகிறான் என்றார். எந்தப் பிரிவு ஆள் திறக்கிறாரோ அந்தப் பிரிவின் அர்த்தம் மட்டும் தெரியும்படி மாற்றச் சொன்னார். கேட்பதற்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. அப்படியே மாறியது. ஒருவனுக்கு மற்றவன் பேசுவது தெரியாமல் போனதுதான் கண்ட பலன்.

அண்ணன் விடவில்லை. அவர் மனைவியின் தம்பி அந்த வாரம்தான் அவர் சிபாரிசில் எலக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்திருந்தான். “மச்சான் இத்தப் படிச்சிட்டுத்தான் ஏணில ஏறப் போறான். ரயில்காரன் இன்னா சொல்றான்னு அவனுக்குத் தெரிய வாணாமா? கீழ ஒரு லிங்க் போடு தங்கச்சி.” நானும் மேலாளரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்றார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு காலை, மேலே ஓடும் மின்கம்பியில் கரண்ட் நிற்பதற்காக மச்சான் ஏணியில் காத்துக்கொண்டிருந்தான். வாக்கிடாக்கியில் ‘லைன் கிளியர்’ என்று ஒரு குரல் வந்தது. சரக்கு ரயிலை உள்ளே அழைத்த குரல் அது. அவன் கம்பியில் கை வைத்தான். அண்ணன் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாளே லிங்க் போடச் சொன்னார் மேலாளர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்ட வேலை. அந்தக் கோபத்தை எங்கே கொட்டுவதென்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இப்போது எந்தச் சொல்லைத் திறந்தாலும் மற்றப் பிரிவில் அதற்கு என்ன பொருள் என்று சிவப்பில் வருகிறது. வெளியாட்கள் பார்க்க வந்தால் மேலாளர் அதைத்தான் பெருமையாகக் காட்டுகிறார். போன வாரம் அண்ணனும் வந்து பார்த்தார். மெதுவாக, கடைசிவரை படித்தார்.

“நல்லா கீது” என்றார். பிறகு, “உங்க அண்ணி இன்னும் என்னாண்ட பேசல. நீதானே அவன வேலைக்கு இட்டுக்கினு போனேன்னு கேட்டா. அதோட சரி.”

எல்லாப் பக்கத்தின் அடியிலும் வாசகரை ஒரு கேள்வி கேட்டு வைத்திருக்கிறோம்: இந்தப் பக்கம் உங்களுக்கு உதவியதா? அண்ணன் என் கையிலிருந்த மவுஸை வாங்கி, ‘இல்லை’ என்பதை அழுத்திவிட்டு டியூட்டிக்குப் போனார்.