தோற்றது என்று எழுதியவள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் அஜிஷாவுக்குத் தனி அறை கிடையாது. எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், ஏ.சி. ஓயாமல் உறுமும் மூலையில் ஒரு சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ளும் அவளும் இருக்கிறார்கள். பார்க்க ஒரே இரும்புப் பெட்டி. அதற்குள் மென்பொருளாகவே ஆறு கணினிகள் குடியிருக்கின்றன: லேபுக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, டயாலிசிஸ் பிரிவுக்கு ஒன்று என்று. பெட்டி படுத்தால் ஆறும் படுக்கும். என் அம்மா ஆனந்தபாய்க்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் அங்கேதான். நான் இருப்பது மஸ்கட்டில். ஆகவே பெட்டி ஓடுகிறதா என்று நானும் அவளிடம் அடிக்கடி கேட்பேன்.

அஜிஷா என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மலையாளத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொன்னதற்காக ஒருநாள் வெளியே நிறுத்தப்பட்டாள். பிறகு உள்ளே கூப்பிட்டபோது, "பதிலு செரியா தப்பா? அத சொல்லுங்க சாறே, வாறேன்" என்று வாசலிலேயே நின்றவள்.

பெட்டியில் உள்ள எல்லாவற்றின் நகலும் தினமும் பழைய கட்டடத்திலுள்ள ஒரு டிஸ்க்குக்குப் போகும். திரையில் பச்சை டிக் விழும். மற்ற எல்லோருக்கும் அது போதும். அவளுக்குப் போதாது.

"நகல் எடுக்கது பெரிய காரியமில்லலே சஜா. அது திரிச்சு எழும்பி வருமாண்ணு பாக்கணும். அதாக்கும் வேல" என்பாள் என்னிடம்.

எழுப்பிப் பார்க்க ஒரு பழைய மெஷின் வேண்டும் என்று மூன்று வருடம் கேட்டாள். கிடைத்தது போன மாதம். செவ்வாய்க்கிழமை தரச் சான்றுக்கான ஆட்கள் வருவதாக இருந்தது. 'மீட்டுப் பார்த்ததன் முடிவு' என்று ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. நிர்வாகி ஈசாக் சார் அதைத் தட்டிக் காட்டினார்.

"சக்சஸ்னு எழுதிக்கோ கொச்சே. ஒரு ஒப்பு அல்லே?"

ஒரு கையெழுத்துதான். அவளுடைய வேலை ஒப்பந்தமும் அந்த மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிப்பதும் அவர் கையில்தான்.

"பாத்துட்டு எழுதுகேன் சாறே" என்றாள்.

சனிக்கிழமை காலை பழைய மெஷினில் டிஸ்க்கை இணைத்தாள். அது சாவி கேட்டது. நோயாளிகளின் விவரம் வெளியாள் கையில் சிக்கக் கூடாது என்று நகலைப் பூட்டி வைத்தவள் அவள்தான். சாவி என்பது நாற்பது எழுத்துள்ள ஒரு கடவுச்சொல். அதை அவள் பத்திரமாகச் சேமித்திருந்தாள், அந்த ஆறு கணினிகளில் ஒன்றுக்குள்.

எனக்குப் போன் வந்தது.

"எலே, மூணு வருசமா வீட்டுத் தாக்கோல வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு நடந்திருக்கேன்."

"சர்வர் இப்பம் ஓடுதுல்லா? அதுலேருந்து எடுத்துப் போடு. யாருக்குத் தெரியும்?"

"செத்தவனுக்கிட்ட போய் சாவி கேப்பியாலே? அவன் செத்துட்டான்னு வச்சுல்லா இந்தச் சோதனை!"

"அஜீ, வேல போயிரும். சக்சஸ்னு எழுதிட்டுப் போடீ."

"நீ பயந்து பேடிச்சே கடலு தாண்டினவன். உனக்க அம்மைக்க கணக்கும் இதுக்குள்ள கெடக்கு, ஓர்மை வச்சுக்கோ."

போனை வைத்துவிட்டாள். கட்டத்தில் எழுதினாள்: 'தோற்றது. சாவி சர்வருக்குள்ளேயே இருந்தது. தவறு என்னுடையது. அஜிஷா.'

மதியத்துக்குள் மெமோ வந்தது. கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அதன் கீழேயே விளக்கத்தை எழுதினாள்: திங்கள் காலை பத்து மணிக்குச் சர்வரை ஒரு மணி நேரம் நிறுத்த அனுமதி வேண்டும்.

ஈசாக் சார் கொதித்தார். "செவ்வாய்க்கிழமை ஆளு வருவாங்க, இவளுக்கு இப்போ ஆஃப் செய்யணும்!"

மேட்ரன் பிரேமகுமாரிதான் நடுவே வந்தார். "ஒரு மணிக்கூறு நாங்க பேப்பரில எழுதிக்கிடுவோம் சாறே. கம்ப்யூட்டர் வரும் முன்னேயும் இங்க ஆளு பொழச்சிருக்கு." அரைமனதோடு அனுமதி கிடைத்தது.

சாவியை அஜிஷா தாளில் எழுதி, உறையிட்டு, மேட்ரனின் இரும்பு அலமாரியில் வைத்தாள். திங்கள் பத்து மணிக்குச் சர்வரை அணைத்தாள். ஏ.சி. மட்டும் உறுமியது. உறையைப் பிரித்து நாற்பது எழுத்தையும் அடித்தாள். ஒரு தடவை பிழைத்தது. மறுபடி அடித்தாள். பத்து நாற்பத்தைந்துக்குப் பழைய மெஷினில் டயாலிசிஸ் கணினி எழுந்தது. மேட்ரன் ஒரு பெயரைச் சொல்லித் தேடச் சொன்னார். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள்: ஆனந்தபாய், கடைசியாக டயாலிசிஸ் செய்த நாள், எடை ஐம்பத்திரண்டு கிலோ நானூறு கிராம். அலுவலகத்தில் எழுந்து நின்று அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

'தோற்றது' என்பதற்குக் கீழ் வரியில், 'மீண்டது' என்று எழுதினாள்.

"இனி அந்தப் பழைய பக்கத்தைக் கிழிச்சுக் கீறிடு. இதை வேறே தாளில எழுது" என்றார் ஈசாக் சார்.

"பக்கத்துக்கெல்லாம் நம்பரு போட்டாச்சு சாறே. கீறினா நம்பரு தெற்றும், ஒரு தாளு கொறையும்."

செவ்வாய் வந்தவர்கள் இரண்டு வரியையும் படித்தார்கள். பக்கத்தைத் திருப்பினார்கள். மாதக் கடைசியில் ஒப்பந்தம் வந்தது. வழக்கமான ஒரு வருடம் மூன்று மாதமாகக் குறைந்திருந்தது. மெமோ திரும்பப் பெறப்படவில்லை.

"பின்ன என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"மெமோ, ஒப்பந்தம் ரெண்டையும் ரெஜிஸ்டர்ல ஒட்டியாச்சு. அதுவும் ரெக்கார்டாக்கும். போன வைலே. இனி மாசா மாசம் ஒண்ணாம் சனி சோதனையாக்கும். இன்னைக்கு ஒண்ணாம் சனி, பெட்டிய அணைக்கணும்."